எல்க் வேட்டை அம்பு: அறிகுறியைப் பார்த்து விறைப்பையும் முனை எடையையும் சரிசெய்வது

அமெரிக்க மாநிலங்களிலேயே எல்க் மான்கள் அதிகம் இருப்பது கொலராடோவில். அங்கே வில் வேட்டைக்கான பருவம் செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் முழுக்க ஃபீல்ட் பாயிண்ட் (பிளேடில்லாத பயிற்சி முனை) மாட்டி அருமையாகக் குரூப் சேர்ந்த, அதாவது ஒரே இடத்தில் நெருங்கி விழுந்த அம்புகள், பிராட்ஹெட் (பிளேடுள்ள வேட்டை முனை) மாட்டியதும் ஆளுக்கொரு பக்கம் போகும். அந்த நேரத்தில் பலரும் சைட்டை (வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவியை) கொஞ்சம் நகர்த்தி, பிராட்ஹெட் விழும் இடத்துக்குக் குறியைக் கொண்டுவந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சைட்டை நகர்த்தினால் குறி மாறும், பறக்கும் விதம் மாறாது. கோணலாகப் பறந்த அம்பு கோணலாகத்தான் போய்ச் சேரும். வளர்ந்த ராக்கி மலை ஆண் எல்க் ஏறத்தாழ 700 பவுண்டு இருக்கும், பெண் 500 பவுண்டு. அந்தத் தோலையும் விலாவையும் கோணலாகத் தொடும் அம்பு, ஊடுருவ வேண்டிய விசையில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் ஆடியே தொலைத்துவிடும். காயத்தோடு ஓடிய விலங்கு கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் இந்த வேலையைப் பருவத்துக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

கீழே சொல்லியிருப்பது எல்லாம் வலக்கை வில்லாளிக்கு, காம்பவுண்ட் வில்லுக்கு (கப்பியும் கேபிளும் உள்ள நவீன வில்), ரிலீஸ் கருவியால் நாணை விடுபவருக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். விரலால் நாணை விடுபவர்களுக்குக் கணக்கு வேறு, இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் எண்கள்

அம்புத் தண்டின் மேல் 300, 340, 400 என்று அச்சிட்டிருப்பதுதான் ஸ்பைன், அதாவது விறைப்பு எண். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தாழ்கிறது என்பதே அளவு. 0.340 அங்குலம் தாழ்ந்தால் 340. எண் சிறியதானால் தண்டு விறைப்பானது.

ஆனால் அந்த எண் மேசை மேல் கிடக்கும் தண்டுக்கு மட்டும் உரியது. நாணை விடும் நொடியில் தண்டு எவ்வளவு வளைகிறது என்பதை வேறு பல விஷயங்கள் தீர்மானிக்கின்றன. வில்லின் இழுவிசை கூடினால் அம்பு தளர்ந்ததுபோல் நடக்கும். முனை எடை கூடினாலும் அப்படியே. தண்டு நீளமாக இருந்தாலும் அப்படியே. நீளமான மூங்கில் கழி வளைவதும் அதிலிருந்து வெட்டிய துண்டு வளையாமல் நிற்பதும் போல. கேம் (வில்லின் முனையில் சுழலும் கப்பி) முரட்டுத்தனமாகத் தள்ளும் வகையானால் இன்னும் கொஞ்சம் தளரும். ஆகவே விறைப்பையும் முனை எடையையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. முனையை மாற்றிய கணமே விறைப்பையும் மாற்றிவிட்டீர்கள்.

எதையும் தொடுமுன் நான்கை அளந்து எழுதிவையுங்கள்: வில் தராசில் இழுத்துப் பார்த்த உண்மையான இழுவிசை (பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்), நாக் (அம்பின் பின்முனையில் நாண் மாட்டும் பகுதி) பள்ளத்திலிருந்து தண்டின் முடிவுவரை நீளம், முனையும் இன்சர்ட்டும் (தண்டுக்குள் ஒட்டி முனையைத் திருகும் உலோகத் துண்டு) சேர்ந்த எடை, முழு அம்பின் எடை. எடையை கிரெயினில் சொல்லுவதுதான் வழக்கம். 7000 கிரெயின் ஒரு பவுண்டு, 100 கிரெயின் ஏறத்தாழ ஆறரை கிராம்.

அறிகுறி: பிராட்ஹெட் வலப்பக்கமோ இடப்பக்கமோ தள்ளி விழுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் சிக்கல் இதுதான், பொறுமையாகப் பார்க்க வேண்டியதும் இதுதான்.

ஃபீல்ட் பாயிண்ட் வழுவழுப்பானது. அம்பு லேசாகக் கோணலாகக் கிளம்பினாலும் பின்னால் இருக்கும் வேன்கள் (பிளாஸ்டிக் இறகுகள்) பிடித்து நேராக்கிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. நிலைத்த பிளேடுள்ள பிராட்ஹெட் முன்னால் முளைத்த இறக்கை. அது காற்றைப் பிடித்து அம்பைத் தான் பார்க்கும் பக்கம் இழுக்கும். அதனால் இரண்டும் விழும் இடத்துக்கு இடையிலான தூரம், வில் எவ்வளவு சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கான நேர்மையான அளவு.

20 கெஜத்தில் ஒரு ஃபீல்ட் பாயிண்ட், ஒரு பிராட்ஹெட் என்று மாற்றி மாற்றி விடுங்கள். இரண்டும் ஒரே எடையாக இருக்க வேண்டும். ஒரு அம்பை வைத்து முடிவெடுக்காதீர்கள், பல சுற்று விட்டு குரூப்பின் நடுவைப் பாருங்கள். பிராட்ஹெட் வலப்பக்கம் விழுந்தால் அம்பு தளர்ச்சி, இடப்பக்கம் விழுந்தால் அம்பு அதிக விறைப்பு என்பது பொது விதி.

விதி அப்படியிருந்தாலும் உடனே புதுத் தண்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். முதல் சந்தேகம் உங்கள் கைப்பிடி மேல் வரட்டும். வில்லை இறுக்கிப் பிடித்து லேசாகத் திருகினாலும் இதே அறிகுறி வரும். விரல்களைத் தளர்த்தி, கட்டை விரலின் அடிச்சதை மட்டும் பிடியில் படும்படி வைத்துவிட்டுப் பாருங்கள். குரூப் ஒன்று சேர்ந்துவிட்டால் அம்பில் குறையில்லை.

கை சரியாக இருந்தும் இடைவெளி தொடர்ந்தால் ரெஸ்ட்டுக்கு (வில்லில் அம்பு அமரும் தாங்கிக்கு) வாருங்கள். ஃபீல்ட் பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும். பிராட்ஹெட் வலப்பக்கம் விழுகிறதென்றால் ரெஸ்ட்டை இடப்பக்கம். ஒரு தடவைக்கு 1/32 அங்குலம் போதும், அதற்கு மேல் வேண்டாம். பிராட்ஹெட் மேலே விழுந்தால் ரெஸ்ட்டைக் கீழே இறக்குங்கள், கீழே விழுந்தால் மேலே ஏற்றுங்கள். இரண்டு குரூப்பும் ஒன்றான பிறகுதான் சைட்டைத் தொட வேண்டும்.

ரெஸ்ட் நடுவிலிருந்து வெகுவாக விலகிப் போய்விட்டது, அப்போதும் சேரவில்லை என்றால் அங்கேதான் விறைப்பு பேசுகிறது. தளர்ச்சியானால் இழுவிசையைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். மேல் கீழ் லிம்ப் போல்ட் (வில்லின் வளையும் கைகளை இறுக்கும் திருகு) இரண்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். விறைப்பு அதிகமானால் இழுவிசையைக் கூட்டலாம், அல்லது முனையை 100 கிரெயினிலிருந்து 125 ஆக்கலாம். விறைப்பு மிகுந்த அம்பைத் திருத்துவது எல்க் வேட்டைக்காரருக்கு இலவசமாகக் கிடைக்கும் லாபம்: முன்னால் எடை கூடுகிறது, பறப்பும் நேராகிறது. தளர்ந்த அம்பைத் திருத்துவதில்தான் எதையாவது இழக்க வேண்டும். இரண்டு ஸ்பைனுக்கு நடுவில் தடுமாறினால் விறைப்பானதை எடுங்கள் என்று நான் சொல்லுவது இதனால்தான்.

அறிகுறி: காகிதத்தில் நீளமாகக் கிழிகிறது

சட்டத்தில் இறுக்கிய காகிதத்துக்கு ஆறேழு அடி தள்ளி நின்று அம்பை விட்டால், முனை துளைத்த இடமும் வேன்கள் கிழித்த இடமும் தனித்தனியே தெரியும். நாக் முனைக்கு இடப்பக்கம் கிழித்திருந்தால் தளர்ச்சி அல்லது ரெஸ்ட் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. வலப்பக்கம் கிழித்திருந்தால் விறைப்பு அல்லது ரெஸ்ட் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. நாக் மேலே கிழித்தால் நாக்கிங் பாயிண்ட் (நாணில் நாக் மாட்டும் இடம்) உயரம், கேம் டைமிங் (இரு கேமும் ஒரே நேரத்தில் சுழல்வது) இரண்டையும் பாருங்கள்.

எவ்வளவு திருகினாலும் கிழிசல் மாறவே மாறாவிட்டால் வேன் எங்கோ உரசுகிறது. ரெஸ்ட்டிலும் கேபிளிலும் காலுக்குப் போடும் ஸ்ப்ரே பவுடரை அடித்து ஒரு அம்பு விடுங்கள். உரசிய தடம் அப்படியே தெரியும். ஒரு அம்பு மட்டும் கிழித்து மற்றவை துளை போட்டால், அந்த அம்பின் நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் பாருங்கள். கார்பன் தண்டு சுற்றளவு முழுக்க ஒரே விறைப்பாக இருப்பதில்லை.

காகிதம் ஒரு தொடக்கம். அதில் சின்ன ஓட்டை வந்துவிட்டது என்பதற்காக பிராட்ஹெட் சோதனையை விட்டுவிட வேண்டாம்.

அறிகுறி: பிராட்ஹெட் ஒரு பக்கம் தள்ளவில்லை, நாலாபக்கமும் சிதறுகிறது

இது விறைப்புப் பிரச்சினை இல்லை. பிராட்ஹெட்டைக் கீழே ஊன்றி அம்பைப் பம்பரமாகச் சுழற்றுங்கள். முனையும் தண்டும் சேரும் இடம் ஆடினால் இன்சர்ட் கோணலாக ஒட்டியிருக்கிறது, அல்லது தண்டின் வெட்டு சதுரமாக இல்லை. வெட்டு முகத்தைத் தேய்த்துச் சமனாக்கும் சின்னக் கருவி கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள். ஆட்டம் போகாத அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

எல்லா அம்பும் ஆடாமல் சுழன்றும் சிதறல் இருந்தால் பின்பக்கத்துக்குப் பிடிமானம் போதவில்லை. நேராக ஒட்டிய சிறிய வேன்களுக்குப் பதிலாக ஹெலிகல் (சுருள்) வளைவோடு ஒட்டியவை, அல்லது மூன்றுக்குப் பதில் நான்கு வேன் என்று மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: கனமான முனை மாட்டியதும் நன்றாக இருந்த வில் கெட்டுப்போனது

வில் கெடவில்லை, அம்பு தளர்ந்துவிட்டது. எல்க்குக்குக் கனமான முனை நல்லது என்று கேட்டு 100 கிரெயினை எடுத்துவிட்டு 150 மாட்டி, அதோடு 50 கிரெயின் பித்தளை இன்சர்ட்டும் வைத்தால், அம்பின் முன்பக்கம் ஒரேயடியாக 85 கிரெயின் அளவுக்குக் கூடிவிடும், ஏனென்றால் வழக்கமான அலுமினிய இன்சர்ட் 15 கிரெயின் அளவே இருக்கும். இன்சர்ட் எடையும் முனை எடைதான். எந்த வில்லுக்கு எந்த ஸ்பைன் என்று காட்டும் அட்டவணையைப் பார்க்கும்போது இதை மறந்துவிடுபவர்கள் நிறையப் பேர்.

70 பவுண்டு வில், 29 அங்குல அம்பு, 100 கிரெயின் முனை என்றால் பெரும்பாலான அட்டவணைகள் 340 அல்லது 300 காட்டும். முன்பக்கம் இப்படிக் கனத்தால் 300க்கோ 250க்கோ போக வேண்டியிருக்கும். தண்டைக் கொஞ்சம் வெட்டி விறைப்பாக்கலாம் என்று தோன்றும். ஆனால் முழுதாக இழுக்கும்போது தண்டின் முடிவு ரெஸ்ட்டைத் தாண்டி முன்னால் இருந்தே ஆக வேண்டும், அகலமான பிராட்ஹெட் கைக்கு அருகே வரக்கூடாது. அந்த இடைவெளியில் சமரசம் வேண்டாம், கையைக் கிழிக்கும் விஷயம் அது.

வரிசை இப்படி இருந்தால் காசும் நேரமும் மிஞ்சும்: முதலில் முனையும் இன்சர்ட்டும் சேர்ந்து எத்தனை கிரெயின் என்று முடிவெடுங்கள். அதன் பிறகு நீளம். கடைசியில்தான் ஸ்பைன். பலர் தள்ளுபடியில் கிடைத்த தண்டை வாங்கிவிட்டு அதற்கேற்ற முனையைத் தேடுகிறார்கள்.

ஒரு கணக்கு. அங்குலத்துக்கு 9 கிரெயின் எடையுள்ள தண்டு 28.5 அங்குலம்: 256 கிரெயின். நாக், வேன்கள் சேர்த்து 30. அலுமினிய இன்சர்ட் 15. முனை 100. மொத்தம் 400 கிரெயின் அளவு. இன்சர்ட் 50 ஆகவும் முனை 125 ஆகவும் மாறினால் 460ஐத் தொடும். அதற்கேற்ற விறைப்பான தண்டு தானும் கொஞ்சம் கனமாக இருப்பதால் 480 அருகே போய் நிற்கும். 65, 70 பவுண்டு வில்லோடு எல்க் தேடிப் போகிறவருக்கு இது நல்ல இடம். 450க்கும் 525க்கும் நடுவில் எங்கிருந்தாலும் நான் ஒப்புக்கொள்வேன்.

முன்பக்க எடையை ஒரு சதவீதமாகவும் பார்ப்பார்கள், பெயர் எஃப்ஓசி (front of center, அம்பின் நடுவுக்கு எவ்வளவு முன்னால் சமன்புள்ளி இருக்கிறது என்பது). நாக் பள்ளத்திலிருந்து அம்பு சமனாக நிற்கும் புள்ளிவரை அளந்து, நீளத்தின் பாதியைக் கழித்து, நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 28.5 அங்குல அம்பு 18 அங்குலத்தில் சமனானால் 13 சதவீதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை என்பது வழக்கம்.

அறிகுறி: அம்பு ஊடுருவி மறுபக்கம் வரவில்லை

எல்க் வேட்டையில் இரண்டு துளை வேண்டும். மேலிருந்து நுழைந்த அம்பு உள்ளேயே நின்றுவிட்டால் ரத்தம் வயிற்றறையிலும் மார்பறையிலும் தேங்கும், தரையில் தடம் விழாது. அடர்ந்த ஆஸ்பென் காட்டில் அப்படிப்பட்ட விலங்கைத் தேடுவது கடினம்.

திரும்பக் கிடைத்த அம்பை உற்றுப் பாருங்கள், அதுவே சொல்லும்.

தண்டு இன்சர்ட்டுக்குச் சற்றுப் பின்னால் உடைந்திருந்தால், எடை போதாமல் நின்றதில்லை, கட்டுமானம் தாங்கவில்லை. தண்டின் வாயில் உலோக வளையமோ நீளமான எஃகு இன்சர்ட்டோ வையுங்கள். முனை சுருண்டிருந்தாலோ பிளேடு ஒன்று காணாமல் போயிருந்தாலோ முனையை மாற்றுங்கள், எடையைத் தொட வேண்டாம். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் அம்புகளின் ஊடுருவலை ஆராயத் தொடங்கிய எட் ஆஷ்பி, ஊடுருவலுக்கான காரணிகளை வரிசைப்படுத்தியபோது அம்பு உடையாமல் இருப்பதை முதலிடத்திலும் நேராகப் பறப்பதை இரண்டாமிடத்திலும் வைத்தார். கனமான எலும்பைப் பிளக்க 650 கிரெயின் என்ற அவருடைய எண்ணை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் அவர் வைத்த இரண்டையும் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

எலும்பு எதுவும் படாமல், அம்பும் உடையாமல், ஆனால் ஆழமாகப் போகவில்லையென்றால் சந்தேகம் பறப்பின் மேல். வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். ஒரே ஃபோம் இலக்கில், அதே அம்பை 3 கெஜத்திலிருந்தும் 20 கெஜத்திலிருந்தும் விடுங்கள். அருகிலிருந்து விட்டது குறைவாகவே உள்ளே போயிருந்தால், அம்பு வில்லை விட்டுக் கிளம்பும்போது அதிகமாக ஆடுகிறது. புணர்ச்சிக் காலத்தில் குரலுக்கு மயங்கி எல்க் பத்து கெஜத்துக்குள் வந்து நிற்பதுண்டு. அந்தத் தூரத்தில் அம்புக்கு நேராக நேரமே இருக்காது. விறைப்பு சரியாக இருப்பதன் பலன் அங்கேதான் தெரியும்.

அடுத்தது கூர்மை. பயிற்சிக்கு விட்ட பிளேடை வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். கையிலுள்ள முடியை மழிக்காத பிளேடு மாற்றப்பட வேண்டியது.

அதன் பிறகு முனையின் வகை. தாக்கியபின் விரியும் மெக்கானிக்கல் முனை அகலமாக வெட்டும், ஃபீல்ட் பாயிண்ட் போலவே பறக்கும். ஆனால் விரிவதற்கும் அகலமாக வெட்டுவதற்கும் விசையைச் செலவழிக்கும். 70 பவுண்டு வில்லும் நீண்ட இழுப்பும் உள்ளவருக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகலாம். 50 பவுண்டு வில், 26 அங்குல இழுப்பு உள்ளவர், நுனியிலிருந்தே வெட்டும் குறுகிய இரண்டு பிளேடு முனையை மாட்டுவதுதான் சரி. கொலராடோவில் முனை குறைந்தது 7/8 அங்குல அகலமும் இரண்டு எஃகு வெட்டு விளிம்புகளும் கொண்டதாக, வில் குறைந்தது 35 பவுண்டு இழுவிசை உள்ளதாக இருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, போகும் மாநிலத்தின் அந்த வருட விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எடை இந்த எல்லாவற்றுக்கும் பிறகுதான். 400 கிரெயின் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 70 அடி-பவுண்டு. அதே வில்லில் 480 கிரெயின் அம்பு 258 அடி வேகத்தில் போகும் என்று வைத்தால் ஆற்றல் 71, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் உந்தம் பத்து சதவீதம் கூடியிருக்கும். தோலிலும் தசையிலும் தடுக்கத் தடுக்க முன்னேறுவதற்கு உதவுவது அந்த உந்தம். எல்க், காட்டுப்பன்றி வகைக்கு 42 முதல் 65 அடி-பவுண்டு என்பது அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை. அதனால் ஆற்றல் குறைவால் திணறும் காம்பவுண்ட் வில் இன்று அபூர்வம்.

அம்பு தோள்பட்டை எலும்பின் தடித்த மேட்டிலோ, கீழே மூட்டிலோ பட்டு நின்றிருந்தால் அதற்கு அம்புக் கடையில் தீர்வு இல்லை. எல்க் சற்றே விலகித் திரும்பி, முன்னங்காலை முன்னே வைக்கும்வரை நாணை விடாமல் காத்திருக்க வேண்டும்.

அறிகுறி: எடை கூட்டியபின் தூரத்தில் தாழ்ந்து விழுகிறது

தாழத்தான் செய்யும். மேலே சொன்ன இரண்டு அம்புகளையும் 20 கெஜத்துக்குச் சரியாக்கினால், 40 கெஜத்தில் கனமானது ஏறத்தாழ மூன்றரை அங்குலம் கீழே விழும். சைட்டில் ஒவ்வொரு தூரத்துக்கும் உள்ள குறிப்புள்ளிகளான பின்களை மறுபடி வைத்துவிட்டால் அது தீர்ந்தது. மீதி இருக்கும் பயம், தூரத்தைத் தப்பாகக் கணித்தால் என்ன ஆகும் என்பது. 40 கெஜத்தில் 3 கெஜம் குறைவாகக் கணித்தால் வேகமான அம்பு இரண்டே முக்கால் அங்குலம் தாழும், கனமானது மூன்றேகால். அரை அங்குலம்தான் வித்தியாசம். அதற்காக நல்ல எடையை விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடவே, கனமான அம்பு வில்லின் சத்தத்தையும் அதிர்வையும் குறைக்கும்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு எல்லை உண்டு: அம்பு, இழுவிசையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் கீழே போகக் கூடாது. 70 பவுண்டு வில்லில் 350 கிரெயினுக்குக் குறைந்தால் வில்லே உடையக்கூடும்.

அறிகுறி: ஊரில் சரியாக இருந்தது, மலையில் மேலே விழுகிறது

அம்பை மாற்ற வேண்டாம், சரிவின் வேலை அது. 30 டிகிரி சரிவில் 40 கெஜம் தள்ளி நிற்கும் எல்க்குக்கு 34, 35 கெஜத்துக்கான பின்தான் சரி. கோணத்தைக் கழித்துச் சொல்லும் ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி) இருந்தால் அதன் எண்ணை எடுங்கள். மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன இலக்கில் ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு அம்பு விட்டுப் பாருங்கள். பயணத்தில் ரெஸ்ட்டோ சைட்டோ அசைந்திருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

அம்புக்கூட்டில் எடுத்துப்போகும் ஒவ்வொரு அம்புக்கும் எண் போட்டு, பிராட்ஹெட்டோடு குரூப்பில் சேர்ந்தவற்றை மட்டும் வையுங்கள். பாறையிலோ மரத்திலோ பட்ட கார்பன் தண்டைக் காதருகே வைத்து இரு முனையும் பிடித்து லேசாக வளையுங்கள். நொறுங்கும் சத்தம் சிறிதளவு கேட்டாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு நாணை விடும்போது சிதறி, வில்லைப் பிடித்த கையில் ஏறும்.